மஞ்சள் பட்ட விண்ணப்பம்

என் மகளை நர்ஸ் படிப்புக்கு அனுப்பி வைத்தது நான்தான். விண்ணப்பம் நிரப்பியது, அதைக் கொழும்புக்கு அனுப்பியது, நேர்முகத்துக்குக் கூட்டிப் போனது, எந்தப் படிப்பு நல்லது என்று முடிவு செய்தது, எல்லாம் நான்.

இது பொய். இவ்வளவு தூரம் எழுதிவிட்டு அடுக்களைப் பக்கம் பார்த்தேன். மனைவி சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து நான் எழுதியதைப் படித்திருக்க முடியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே, "என்னா பொய் எழுதுறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அதனால் உண்மையை எழுதிவிடுகிறேன். அந்தப் பட்டியலில் நேர்முகத்துக்குக் கூட்டிப் போனது மட்டும் பாதி உண்மை. மற்றபடி, ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தைக் கெடுக்க ஒரு மனிதனால் என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையையும் ஒரே காலையில் செய்து முடித்தவன் நான்.

எல்ல என்ற ஊரிலிருந்து பதுளைக்கு இறங்கும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே நான் கவ்வாத்து வெட்டுகிறவன். வளர்ந்துபோன தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி மொட்டையாக்கும் வேலை. செடிகளுக்கு சலூன் நடத்துகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லயில் தங்கும் வெள்ளைக்காரர்கள் நான் வெட்டுவதை நின்று படம் பிடித்திருக்கிறார்கள். உலகத்தில் எங்கேயோ ஒரு வீட்டுச் சுவரில் நான் வியர்வையோடு தொங்கிக்கொண்டிருக்கலாம்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. நாலாம் வகுப்பு வாத்தியார் என்னைப் பார்த்துப் பயந்து மாற்றம் வாங்கிக்கொண்டு போனார் என்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் நான்தான் அவரைப் பார்த்துப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டேன். மகள் மிச்சம் வைத்த சீ.ஆர். கொப்பி என்கிற பெரிய நோட்டில் எழுத்துக்கூட்டி இதை எழுதுகிறேன். பிழையை அவள் திருத்துவாள். கொப்பியின் முன்பக்கங்களில் இதயம், சிறுநீரகம், என்னென்னவோ குழாய்கள். பின்பக்கங்களில் நான்.

கதை என் காலிலிருந்துதான் தொடங்குகிறது. மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மழைநாளில் கவ்வாத்துக் கத்தி வழுக்கி என் முழங்காலுக்குக் கீழே நன்றாக இறங்கிவிட்டது. டிஸ்பென்சரிக்குப் போ என்று எல்லாரும் சொன்னார்கள். "இதுக்கெல்லாம் ஊசியா?" என்று கேட்டுவிட்டு, மஞ்சள் தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து அப்பி, மனைவியின் பழைய சேலைக் கிழிசலால் கட்டிக்கொண்டேன். வீரன் என்று நினைப்பு. ஐந்தாம் நாள் கால் பூசணிக்காய் மாதிரி ஆனது. ஆறாம் நாள் வீரனை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் டவுன் ஆஸ்பத்திரியில் போட்டார்கள்.

அந்த வார்டில் பதினெட்டு நாள் கிடந்தேன். பார்க்கிற நேரத்துக்கு மகள் பள்ளிக்கூடச் சட்டையோடு வருவாள். என் பக்கத்துக் கட்டிலில் வெலிமடைப் பக்கத்துத் தாத்தா ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பத்தியெரியுதும்மா, முதுகுக்கு ஓடுதும்மா" என்று நர்ஸ் மிஸ்ஸிடம் சொல்வார். அந்த மிஸ் நல்லவர். குனிந்து நின்று கேட்பார். ஆனால் அவரிடம் தமிழ் இல்லை, தாத்தாவிடம் சிங்களம் இல்லை. எனக்குத் தெரிந்த சிங்களமோ கடையில் சாமான் வாங்கவும், பஸ்ஸில் சண்டை பிடிக்கவும் மட்டும்தான் உதவும். என் மகள் எழுந்து போய், தாத்தா சொன்னதை மிஸ்ஸுக்குச் சிங்களத்தில் சொன்னாள். மிஸ் கேட்டதைத் தாத்தாவுக்குத் தமிழில் சொன்னாள். அடுத்த நாள் அடுத்த கட்டில்காரரும் கூப்பிட்டார். நாலாம் நாள் மிஸ் அவளுக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார். என்னைப் பார்க்க வந்த பிள்ளை என் கட்டிலுக்குக் கடைசியாகத்தான் வருவாள்.

"ஒங்களுக்கு என்னப்பா, வாய் இருக்கு" என்பாள்.

வீட்டுக்கு வந்ததும் நர்ஸாகப் போகிறேன் என்று சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு அவள் டவுன் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்து உயிரியலில் பாஸ் பண்ணினது வரைக்கும் நான் செய்தது ஒன்றுமில்லை. அவள் படிக்கும்போது ரேடியோவைச் சத்தம் குறைத்து வைத்தேன். அதையும் அவள் அம்மாதான் குறைத்தாள்.

நர்ஸாக மூன்று வழி இருந்தது. ஒன்று, கெம்பஸில் நாலு வருடப் பட்டப்படிப்பு. மட்டக்களப்புப் பக்கம். அதற்கு அவளுடைய புள்ளி வாசல்படியில் நின்றது. உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று சொல்ல முடியாது. இன்னொன்று, அரசாங்கத் தாதியர் பயிற்சி. மூன்று வருடம், முடித்தால் ஆஸ்பத்திரியில் வேலை. கெசட்டில் அறிவிப்பு வரும், நாடு முழுக்கப் பிள்ளைகள் போடுவார்கள், நேர்முகத்தில் சலித்து எடுப்பார்கள். மூன்றாவது, பண்டாரவளையில் ஒரு தனியார் படிப்பு. அதன் நோட்டீஸில் ஒரு பெண் பிளேனுக்குப் பக்கத்தில் நின்று சிரித்தாள். எனக்கு அந்த நோட்டீஸ்தான் பிடித்தது. அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்தேன்.

"பிளேன்ல ஏறுறதுக்கு நர்ஸ் எதுக்குப்பா? டிக்கட் போதும்" என்று சொல்லி மகள் அதைக் கிழித்துப் போட்டாள்.

கெம்பஸ் விண்ணப்பத்தை அவளே போனில் தட்டி அனுப்பிவிட்டாள். என் கை படாததால் அதற்கு எந்த ஆபத்தும் வரவில்லை. அரசாங்கப் பயிற்சிக்குக் கடுதாசியில் நிரப்பி, சான்றிதழ்களின் பிரதியில் ஜே.பி. என்கிற சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அன்று அவளுக்கு நல்ல காய்ச்சல். அன்றே தபாலில் போட்டால்தான் முடிவுத் திகதிக்குள் போய்ச் சேரும் என்ற கடைசி வெள்ளிக்கிழமை. வேறு ஆள் இல்லாததால் என்னிடம் தந்தாள். நிரப்பிய விண்ணப்பம், பிரதிகள், மூலச் சான்றிதழ்கள் எல்லாம் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைலுக்குள்.

"அப்பா, மொதல்ல ஜே.பி. கிட்ட கையெழுத்து. பெறகு தபால் கந்தோர். நடுவுல எங்கயும் நிக்கக் கூடாது."

"நான் என்னா சின்னப் புள்ளையா?"

"சின்னப் புள்ளைன்னா பயமில்லாம அனுப்புவேன்."

நான் எங்கேயும் நிற்கவில்லை. கோயிலில் மட்டும் நின்றேன்.

எங்கள் தோட்டத்தில் எந்தக் காரியத்தையும் மாரியம்மன் பார்க்காமல் தொடங்குவதில்லை. புது லொறிச் சாவி, வெளிநாடு போகிற பெண்களின் பாஸ்போர்ட், பிள்ளைகளின் பரீட்சைப் பேனா, எல்லாம் அம்மன் காலடியில் ஒரு நிமிடம் இருந்துவிட்டுத்தான் வெளியே போகும். வெள்ளிக்கிழமை வேறு. காலையில் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. தபாலுக்கு இன்னும் நேரம் இருந்தது. என் மகளின் விண்ணப்பம் மட்டும் அம்மன் முகத்தைப் பார்க்காமல் கொழும்புக்குப் போவதா?

பூசாரி என்னைவிட இளையவர். வாரத்தில் மற்ற நாளெல்லாம் தேயிலைத் தொழிற்சாலையில்தான் வேலை. ஃபைலை வாங்கி அம்மன் பக்கத்தில் ஒரு ஓரமாக வைத்தார்.

"ஓரமா வச்சா எப்பிடி? காலடியில வைங்க" என்றேன்.

"அபிஷேகம் நடக்குதுண்ணே. தண்ணி ஓடும்."

"ஓடட்டும். பிளாஸ்டிக்குதானே?"

காலடியில் வைத்தார். எனக்கு மனசு ஆறவில்லை. பிளாஸ்டிக்குக்குள் இருப்பது விண்ணப்பமா, தோட்டத்துச் சம்பளச் சீட்டா என்று அம்மனுக்கு எப்படித் தெரியும்? பட்டனைத் திறந்து கடுதாசிகளை வெளியே எடுத்தேன். விண்ணப்பம் மேலே, பள்ளிக்கூட விடுகைச் சான்றிதழ் அதற்குக் கீழே, பிறகு மற்றவை என்று அடுக்கி அம்மனுக்கு நேராக விரித்து வைத்தேன்.

"அண்ணே, நனைஞ்சிரும்ண்ணே. நான் சொல்றதக் கேளுங்க."

"லேசா ரெண்டு சொட்டு தெளிங்க. கொழும்பு வரைக்கும் போற கடுதாசி."

அவர் ரெண்டு சொட்டுதான் தெளித்தார். மிச்சம் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை வழக்கம்போல அம்மன் தலையில் ஊற்றினார். தலையில் ஊற்றினால் காலுக்கு வரும் என்று யோசிக்காதது அம்மன் குற்றமும் இல்லை, பூசாரி குற்றமும் இல்லை. மணி அடித்தது. நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது என் மகளின் மூன்று வருடம் மஞ்சள் நிறத்தில் வாய்க்கால் பக்கம் மிதந்துகொண்டிருந்தது.

அப்போதாவது வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். நானும் பூசாரியும் கடுதாசிகளைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்கு ஓடினோம். அங்கே மேல்மாடியில் பறித்த கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியில் பெரிய ஃபேன் காற்று விட்டு வாட்டுவார்கள். அத்தனை கொழுந்தை வாட்டும் காற்று ஆறு கடுதாசியை உலர்த்தாதா? கொழுந்து மேல் விண்ணப்பத்தை விரித்து வைத்தோம். மேல்மாடியில் வேலை செய்த பொடியன்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"என்னா மாமா, புது கிரேடா?" என்றான் ஒருவன்.

"இத ஏலத்துக்கு அனுப்பினா நல்ல வெல போகும்" என்றான் இன்னொருவன்.

கடுதாசி உலர்ந்தது உண்மை. ஆனால் உலர்ந்தபோது பப்படம் மாதிரி நெளிந்திருந்தது. பேனா மை ஊறி, மகளின் பெயர் இருந்த இடத்தில் ஒரு நீல மேகம். பிரதிகளும் நெளிந்து மஞ்சளாகிவிட்டன. மூலச் சான்றிதழ்கள் அச்சடித்தவை, எழுத்து தப்பித்துக்கொண்டது. விடுகைச் சான்றிதழில் மட்டும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. அதுவும் எங்கே? "நடத்தை: மிக நன்று" என்று எழுதியிருந்த வரிக்கு மேலேயே. எல்லாவற்றிலும் பச்சைக் கொழுந்து வாசம் வேறு.

வீட்டுக்குப் போனேன். மகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கடுதாசியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தன மணிப்பா?" என்றாள்.

"பதினொன்னர."

எழுந்து முகம் கழுவினாள். காய்ச்சலோடு செருப்பை மாட்டினாள். பஸ்ஸில் பதுளை போய்ச் சேரும் வரைக்கும் நான்தான் பேசிக்கொண்டு போனேன். மழை வரும் போல இருக்கிறது என்றேன். பஸ்காரன் நன்றாக ஓட்டுகிறான் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் ஓடியது. காய்ச்சலுக்கு வேர்க்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் சொன்ன பொய்களில் என்னாலேயே நம்ப முடியாத பொய் அதுதான்.

டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை. போட்டோக் கொப்பி எடுப்பார், போனுக்குக் கார்ட் விற்பார், சமாதான நீதவானும் அவரே. நெளிந்த விண்ணப்பத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதென்னா, புரியாணி சுத்தின பேப்பர் மாதிரி இரிக்கி?"

நான் வாயைத் திறக்கும் முன் மகள் சொன்னாள். "அப்பா சாமி கும்பிட்டுட்டாரு நானா."

நானா என்னைப் பார்த்து, "சாமிக்கிட்ட காட்டினா சரி, குளிப்பாட்டவுமா வேணும்?" என்றார். சொல்லிக்கொண்டே கம்பியூட்டரில் தேடிப் புதுப் படிவம் எடுத்து அச்சடித்தார். மகளுக்கு ஒரு நாற்காலி போட்டார். கடைக்கு வந்தவர்களை, "கொஞ்சம் பொறுங்கோ, ஒரு நர்ஸ் எழுதுறா" என்று நிறுத்தி வைத்தார். அவள் முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினாள். காய்ச்சலிலும் எழுத்து கோணவில்லை. நானா பிரதிகளில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். விடுகைச் சான்றிதழின் பிரதியில் கறை கறுப்பாக விழுந்திருந்தது.

"இத பார்த்தா கேள்வி கேப்பாங்க, மகள்" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். சான்றிதழ் தந்த அதிபர் மாற்றலாகிப் போய்விட்டார். வந்திருந்த புது அதிபர், எழுத்து தெரிகிறது, செல்லும், புதிது வேண்டுமென்றால் கோரிக்கை எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். காத்திருக்க நேரமில்லை. தபால் கந்தோர் கவுண்டரை மூடப்போகும் நேரத்தில் கடுதாசி உள்ளே போனது. பதிவுச் சீட்டை மகள் என்னிடம் தரவில்லை.

அதற்குப் பிறகு சில மாதம் நான் சிரிக்க வைக்கிற ஆளாக இல்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நின்றாலும் அந்தக் கறைதான் கண்ணுக்குள் நின்றது. இரண்டு படிப்பில் ஒன்று வாசல்படியில் நிற்கிறது. மற்றதில் நான் மஞ்சளை ஊற்றிவிட்டேன். என் பிள்ளை நர்ஸாகாமல் போனால் அதற்குக் காரணம் வறுமையும் இல்லை, பாஷையும் இல்லை, ஒரு குடம் தண்ணீர். சாப்பிடும்போது மனைவி மஞ்சள் போட்ட பருப்பை என் பக்கம் தள்ளி வைத்து, "கும்பிட்டுட்டு சாப்பிடுங்க" என்பாள். அவளுக்கும் பயம்தான், அதை அப்படித்தான் காட்டுவாள்.

நேர்முகத்துக்குக் கடுதாசி வந்தது. முதல் நாளே கொழும்புக்குப் போய் மனைவியின் தம்பி வீட்டில் தங்கினோம். காலையில் மைத்துனனின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டேன். அவன் என்னைவிட அரை அடி உயரம், ஒரு சாண் ஒல்லி. அதனால் கீழே மடித்துவிட்டேன், மேலே மூச்சை அடக்கினேன். வெளியே பெஞ்சில் பெற்றோர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு வாத்தியார் தமிழில், "நீங்க எங்க வேலை?" என்று கேட்டார்.

"எஸ்டேட்ல" என்றேன்.

"ஓ, மேனேஜ்மன்ட்டா?"

மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. தலை தானாக ஆடிவிட்டது. பிறகு அவர் தேயிலை விலை பற்றிக் கேட்டார். நான் பெரிய மனிதர்கள் மாதிரி பெருமூச்சு விட்டேன். காற்சட்டைப் பொத்தான் தெறித்து அவர் சப்பாத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. மேனேஜர் வேலை அத்தோடு முடிந்தது.

உள்ளே போன பிள்ளைகள் பத்து நிமிடத்தில் வெளியே வந்தார்கள். என் மகள் அரை மணி நேரமாகியும் வரவில்லை. கறையைப் பார்த்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போய்க் கதவைத் தட்டி, குற்றவாளி நான், தண்டனையை எனக்குத் தாருங்கள் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் எழுந்தால் காற்சட்டை விழுந்துவிடும். அதனால் உட்கார்ந்திருந்தேன். என் மகளின் எதிர்காலத்தை அந்தப் பொத்தான்தான் காப்பாற்றியது.

அவள் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரோட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்னா சொன்ன? பிரிண்டிங் பிழைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"மூணு பேர் இருந்தாங்கப்பா. நடுவுல இருந்த மேடம் பெரிய நர்ஸ். மூக்குக்கிட்ட வச்சு மோந்து பார்த்தாங்க. இது மஞ்சளான்னு கேட்டாங்க. ஆமான்னேன். எங்க அப்பா கோயில்ல வச்சிட்டாருன்னு சொன்னேன்."

"அடிப்பாவி! அதையா சொன்ன?"

"கேளுங்கப்பா. அந்த மேடம் சிரிக்கல. நீ நர்ஸா இருக்கிற வார்டுக்கு ஒரு ஆள் காயத்துல மஞ்சளப் பூசிக்கிட்டு வந்தா என்னா செய்வ, திட்டுவியான்னு கேட்டாங்க."

"என்னா சொன்ன?"

"திட்ட மாட்டேன்னேன். திட்டினா அடுத்த தடவ வீட்டுலயே இருந்துருவாங்க, கால் வீங்கினாலும் வர மாட்டாங்க. மொதல்ல எப்ப பூசினது, வேற என்னா போட்டிருக்குன்னு கேப்பேன். பெறகு அவங்க கண்ணு முன்னாலயே கழுவுவேன். ஏன் கழுவுறேன்னு அவங்க பாஷையில சொல்லுவேன். இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு கேட்டாங்க. எங்க அப்பா ரெண்டு தடவ மஞ்சள் பூசினாரு, ஒரு தடவ காலுக்கு, ஒரு தடவ என்னோட சர்டிபிகேட்டுக்கு, ரெண்டையும் நான்தான் பார்த்தேன்னு சொன்னேன்."

"பெறகு?"

"பெறகு மூணு பேரும் சிரிச்சாங்க. ஒங்களப் பத்தித்தான் நெறைய நேரம் பேசினோம்."

கொழும்பு ரோட்டில், மடித்த காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நான் அழுதேன். புகை கண்ணில் பட்டுவிட்டது என்றேன். எந்தப் புகை என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் என் சட்டையை இழுத்து இடுப்பை மறைத்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் கெம்பஸ் கடுதாசி முதலில் வந்தது. வாசல்படியில் நின்ற புள்ளியை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நான் அன்றைக்கே சலூன், தேத்தண்ணிக் கடை, கொழுந்து நிறுக்கும் இடம் எல்லாம் போய் மகள் கெம்பஸ் போகிறாள் என்று சொல்லி முடித்தேன். தெரிந்தவர்கள் தீர்ந்த பிறகு, படம் பிடிக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவரிடமும் சொன்னேன். அவர் என் கத்தியைத்தான் பார்த்தார்.

ஒரு மாதத்தில் அடுத்த கடுதாசி வந்தது. அரசாங்கப் பயிற்சிக்குத் தெரிவாகிவிட்டாள். படிக்கும் இடம் பதுளை.

அன்று அவள் இரண்டு கடுதாசியையும் பாயில் வைத்துவிட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"கெம்பஸ்தான்" என்றேன். "இதுல என்னா யோசன?"

மனைவி சொன்னாள். "ஒங்க அப்பாவுக்குச் சொல்லிக்கிட்டுத் திரிய ஒரு பேரு வேணும். நீ ஒனக்கு வேண்டியதப் பாரு."

மகள் ஏற்கெனவே இரண்டு இடத்திலும் படிக்கும் அக்காமாருக்கு போன் போட்டுக் கேட்டிருந்தாள். கெம்பஸில் பட்டம் கிடைக்கும், மேலே மேலே போகலாம், படிப்பிக்கவும் போகலாம். அது பெரிய படிப்புதான், குறை சொல்ல ஒன்றுமில்லை என்றாள். பயிற்சியில் சீக்கிரமாகவே வார்டுக்குள் விடுவார்களாம்.

"பதிமூணு வருஷம் புஸ்தகம் படிச்சாச்சுப்பா. எனக்கு இப்ப ஆளுங்க பக்கத்துல நிக்கணும். டிகிரி பெறகும் படிக்கலாம், வேலையில இருந்துக்கிட்டே படிக்கிறாங்க. நான் பதுளைக்குப் போறேன்."

"அப்ப நான் ஊரெல்லாம் சொன்னது?"

"அது ஒங்க பாடு."

பிறகு கொஞ்சம் மெதுவாகக் கேட்டாள். "ஒங்களுக்குக் கவலையாப்பா?"

கெம்பஸ் என்று ஊரெல்லாம் கத்தின எனக்கு, அவள் பதுளை என்று சொன்னதும் நிம்மதிதான் வந்தது. மட்டக்களப்புக்கு அவளை பஸ் ஏற்றி விடுவதை நினைத்து ஒரு மாதமாக நான் ஒழுங்காகத் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன். இந்தத் தடவை ஆட்டினது பொய்யில்லை.

மறுநாள் காலை தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். நான் போகும் முன்பே செய்தி போயிருந்தது.

"என்னா மச்சான், கெம்பஸ் கவுந்திருச்சாமே?" என்றான் என்னோடு கவ்வாத்து வெட்டுகிற கூட்டாளி.

நான் ஒரு பிளேன்டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். "டேய், கெம்பஸ் கெடச்ச புள்ளைங்க இந்தத் தோட்டத்துல முந்தியும் இருந்திருக்காங்க. கெம்பஸ் கூப்பிட்டும் வேணாம்னு சொன்ன புள்ள யாராச்சும் இருந்தா காட்டு பார்ப்போம்."

அவன் யோசித்தான். கடைக்காரர் யோசித்தார். அப்படி யாரும் இல்லை. அந்தத் தேத்தண்ணி மாதிரி ஒரு தேத்தண்ணி நான் அதற்குப் பிறகு குடிக்கவில்லை. இது பொய் இல்லாத பெருமை. என் ஆயுளில் இப்படி நாலைந்துதான் இருக்கும். எல்லாம் அவள் தந்தவை.

இப்போது அவளுக்கு மூன்றாவது வருடம். விடுதியில் இருக்கிறாள், லீவு கிடைத்தால் வருவாள். முதல் முறை லீவில் வந்த ஞாயிற்றுக்கிழமை பற்றி எழுத வேண்டும். காலை எட்டு மணிக்கே நான் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றுகொண்டேன். வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறிப் பார்த்தேன். மூன்றாவது பஸ் கண்டக்டர், "யோவ், ஏறுறதுன்னா ஏறு, இல்லாட்டி வழிய விடு" என்று திட்டினார். என் மகள் யார் தெரியுமா என்று நான் தொடங்கினேன். பஸ் போய்விட்டது. கடைசியில் பதினொரு மணி பஸ்ஸில் அவள் இறங்கினாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு

"அப்பா! எழுதினது போதும், இங்க வாங்க!"

வாசலில் இருந்து மகள்தான். இந்த வாரம் லீவு.

"என்னாம்மா?"

"கீழ் லயத்து மாமா கத்தி பட்டு வந்திருக்காரு. மஞ்சள அப்பிக் கட்டியிருக்காரு. கழுவ விட மாட்டேங்கிறாரு. வந்து ஒங்க கால் தழும்பக் காட்டுங்க."

"அவன் பேச்ச நான் கேக்கணுமா?" என்று வெளியே ஒரு குரல் கத்துகிறது. போன வாரம் சீட்டாட்டத்தில் என்னோடு சண்டை பிடித்தவன்.

"அவரு பேச்சக் கேக்க வேணாம் மாமா. அவரு காலப் பாருங்க, போதும். அப்பா, வாங்களேன், வெரசா!"

சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டேன். போக வேண்டும், கூப்பிடுகிறாள்.